ரேஷன் கார்டும் நிருபர் செலவும்

ரேஷன் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாட்டிக்கு மூன்றாவது தடவைதான் கைரேகை விழுந்தது. அப்போது 2024 ஜனவரியில் அல் ஜசீராவில் படித்தது ஞாபகம் வந்தது.

ஹைதராபாத்தில் ரிக்‌ஷா ஓட்டியவரின் குடும்பத்துக்கு ரேஷன் கிடைக்காமல் போனது! 'சமக்ர வேதிகா' என்ற தெலங்கானா அரசின் மென்பொருள், பெயர்க் குழப்பத்தில் அவரைக் கார்க்காரர் ஆக்கிவிட்டதாம்.

இதைத் தோண்டி எழுதியவர்கள் நம் நாட்டுக்காரர்கள். நிதி உதவியது வாஷிங்டனில் உள்ள புலிட்சர் சென்டர். ஏஐ பற்றித் துப்புத் துலக்கவே 2022-ல் திட்டம் தொடங்கியவர்கள்.

ஆர்.டி.ஐ. போட்டு, மாதக்கணக்கில் அலைய வேண்டிய வேலை இது. தினமும் நாலு செய்தி அனுப்பும் திருநகர் நிருபரால் முடியுமா?

அரிசி நம்முடையது. அதைக் கேட்கும் செலவை மட்டும் யாரோ தரணுமா? நாமும் கொஞ்சம் போடலாமே!