தென்னைக்கு நடுவே உளுந்து

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. விடிந்து பார்த்தால் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத்தில் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்து கிடந்தது. இது தாத்தா வைத்தது, அது அப்பா வைத்தது என்று அடையாளம் சொல்லி வளர்த்த மரங்கள். சில வேரோடு பெயர்ந்திருந்தன, சில நடுவில் முறிந்திருந்தன. நிமிர்ந்து நின்றவற்றிலும் பல, குருத்து திருகிப்போய் நின்றன. தென்னைக்குக் குருத்து ஒன்றுதான். அது போனால் பக்கக்கிளை விட்டுப் பிழைக்க அதற்கு வழியில்லை.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் 'எல்லாம் நன்மைக்கே' என்றார்கள், 'நம்பிக்கையோடு இருங்கள்' என்றார்கள். நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். ஆனால், ஒரு தலைமுறை உழைப்பு மண்ணில் கிடக்கும்போது நம்பிக்கை எங்கிருந்து வரும்? இழந்தவரிடம் உடனே நம்பிக்கையை எதிர்பார்ப்பது, காய்ச்சலில் கிடப்பவரை நடவுக்குக் கூப்பிடுவது போன்றது. அவர் அழுது தீர்க்கட்டும்.

பலரை மறுபடி தோப்புக்குள் இறக்கிவிட்டது நம்பிக்கை அல்ல, வண்டு. விழுந்த மரத்தை அப்படியே மட்க விட்டால் அதில் காண்டாமிருக வண்டு பெருகும். காயம்பட்ட மரத்தில் சிவப்புக் கூன்வண்டு துளைக்கும். தப்பித்த மரங்களும் போய்விடும். மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அறுத்து அப்புறப்படுத்தியாக வேண்டும். அரசு, மரம் ஒன்றுக்கு நிவாரணமாக 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. மரங்களோடு, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்களும் புயலில் சேதமாகியிருந்தன. வெளிமாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்து நடந்தார்கள். தோப்பை இழந்த வீடுகளிலிருந்துதான் அவர்களுக்குச் சோறு போயிற்று. கரண்ட் வந்தால்தானே மோட்டார் ஓடும், கன்றுக்குத் தண்ணீர் பாயும்?

முழுத் தோப்பையும் மறுபடி நடுவதை நினைத்தால் கை ஓடாது. ஒரு குழியை மட்டும் நினைக்கலாம். நீளம், அகலம், ஆழம் மூன்றும் மூன்றடி. அடுத்த குழி இருபத்தைந்து அடி தள்ளி. தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து போட்டு, கழுத்து பருத்த கன்றாகப் பார்த்து நட்டு, காற்றில் ஆடாதபடி சுற்றிலும் மண்ணை மிதித்துவிட வேண்டும். வெயிலுக்குக் கீற்று மறைப்பு. அந்தக் கீற்று, விழுந்த மரத்தின் மட்டையிலிருந்து முடைந்தது. முதல் கன்றுக்குச் சூடம் காட்டிக் கும்பிட்டவர்கள் உண்டு. அந்த வேண்டுதலை நான் பெரிதாகவே மதிக்கிறேன். கையில் மண் ஒட்டியிருக்கும்போது கும்பிடுகிற சாமிக்குத் தனி பலம் என்று எனக்குத் தோன்றும்.

நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷமாகும். அதுவரை உலை வைக்க வேண்டும், பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும். எங்கள் பக்கத்துச் சம்சாரிகளின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் தெரிந்தது. நிழல் போன நிலத்தில் வெயில் தாராளமாக விழுந்ததால், கன்றுகளுக்கு இடையே உளுந்தும் கடலையும் எள்ளும் விதைத்தார்கள். உளுந்து எழுபது நாளில் களத்துக்கு வந்துவிடும். பெரிய பணமில்லை. ஆனாலும் போர் போட்டு அடித்து, தூற்றி, மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று பெண்களின் முகத்தில் தெளிவு வந்தது.

வேலை போனவர், வியாபாரம் நொடித்தவர், துணையைப் பறிகொடுத்தவர் என்று யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். ஆறு வருஷக் கனவு இருக்கட்டும், எழுபது நாளில் கைக்கு வருவதாக ஒன்றையும் சேர்த்து விதையுங்கள். நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கலாம், காலையில் இட்லி சுட்டு விற்கலாம், கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கலாம். வருமானம் சிறிதாக இருந்தாலும் பொழுது விடிந்ததும் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைக்கிறது.

எல்லோரும் தென்னைக்கே திரும்பவில்லை. சிலர் நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூர் போனார்கள். அவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வேறொரு ஊரில் பிழைப்பை ஊன்றுவதற்கும் அதே நெஞ்சுரம் வேண்டும். சிலர் தென்னையை மட்டும் நம்பியிருந்தது போதும் என்று பாதி நிலத்தில் வேறு மரங்களை வைத்தார்கள். அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

புயலுக்குப் பின் வைத்த கன்றுகளில் பல இப்போது பாளை விட்டுக் காய்க்கின்றன. 2025-ல் தேங்காய் விலை அதுவரை காணாத உயரத்துக்குப் போனபோது, சிலருக்கு அந்தத் தோப்பின் முதல் வெட்டே நல்ல விலைக்குப் போனது. வண்டு விழுந்தோ தண்ணீர் போதாமலோ கன்று பட்டுப்போன தோப்புகளில், அதே குழியைத் தோண்டி இன்னமும் மறுநடவு செய்துகொண்டிருக்கிறார்கள்.