புகைக்கு ஒரு வழி

நம் பாட்டிமார் விறகடுப்போடு நித்தமும் போராடியவர்கள். கண் எரிய எரிய அவர்கள் கற்ற பாடம் ஒன்று உண்டு: புகைக்கு ஒரு வழி விட வேண்டும். அதற்காகவே அடுப்புக்கு மேலே புகைக்கூண்டு வைத்தார்கள். காஸ் அடுப்பு வந்தது. நாம் புகையை மறந்தே போனோம்!

நான் ராயபுரத்துக்காரி. துறைமுகத்து நிலக்கரித் தூசு எங்கள் கொடித் துணிகளைப் படுத்திய பாட்டை இந்தப் பக்கத்துப் பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள். நீதிமன்ற உத்தரவால் 2011-ல் அங்கே நிலக்கரி இறக்குவது நின்றது. லாரிப் புழுதி நின்றதா? இல்லை. அதனால், எங்கள் அடுக்குமாடி வீட்டில் மாடிப்படி உச்சியிலுள்ள ஜன்னலை அடைத்துவிடலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது.

"படியைப் பெருக்கி மாளவில்லை, அக்கா" என்றாள் மேல் வீட்டுப் பெண்.

அவளிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். தீ விபத்தில் பெரும்பாலும் உயிரை வாங்குவது நெருப்பல்ல, புகை. சூடான புகை மேலே ஏறும். உச்சியில் வழி இருந்தால் வெளியே போகும். இல்லாவிட்டால் கூரையில் முட்டித் திரண்டு, மெல்ல மெல்ல நம் தலைக்கு இறங்கிவிடும். உச்சியை அடைத்த மாடிப்படி, வாய் மூடிய புகைக்கூண்டுதான்!

கல்கத்தாவில் ஆம்ரி மருத்துவமனையில் 2011 டிசம்பர் 9-ந் தேதி விடியற்காலையில் தீப்பற்றியது அடித்தளத்தில். மாண்டவர்களோ பெரும்பாலும் மேல்மாடி நோயாளிகள்; சுமார் 90 பேர். கண்ணாடியால் மூடிய கட்டிடத்தில் புகைக்குப் போக்கிடம் இல்லை. நம் தியாகராய நகரிலேயே, 2017 மே 31-ல் சென்னை சில்க்ஸ் ஜவுளிக் கடை எரிந்தபோது, புகையை வெளியேற்றத் தீயணைப்பு வீரர்கள் சுவரை உடைக்க வேண்டியிருந்தது.

பெரிய கட்டிடங்களில் புகையை இழுக்க விசிறிகள் வைக்கிறார்கள். நமக்கு அந்த ஜன்னல்தானே விசிறி?

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். தீப்பிடித்த வீட்டிலிருந்து வெளியேறும்போது கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். புகை படிக்கு வராது. லிப்டில் ஏறாதீர்கள். புகை சூழ்ந்தால் தரையோடு தவழ்ந்து போங்கள். நல்ல காற்று அங்கேதான் மிஞ்சியிருக்கும்.

எங்கள் ஜன்னல் தப்பியது. படி பெருக்குவதை நாலு வீட்டுக்காரரும் முறை வைத்துக் கொண்டோம்.

இன்று துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போகும்போது, உங்கள் மாடிப்படி உச்சியையும் சற்று நிமிர்ந்து பாருங்கள், சகோதரிகளே!