240 வாட்டுக்குள் ஒரு விளையாட்டு

கிராபிக்ஸ் கார்டு மாற்றுவது என்ன பெரிய காரியம், பழசைக் கழற்றிப் புதுசைச் சொருகினால் போச்சு என்று நினைக்கும் நண்பர்களே, கொஞ்சம் பொறுங்கள்! பெரிய கேபினெட் வைத்திருக்கும் புண்ணியவான்களுக்கு அது சரி. என் கம்ப்யூட்டர் இரண்டு கல்யாண ஆல்பத்தை அடுக்கி வைத்த அளவுதான். ஏதோ ஓர் ஆபீஸ் உழைக்க வைத்துக் கழித்துக்கட்டிய பெட்டி. ஐ5-3470 பிராசஸர், 8 ஜி.பி. ராம், பெயருக்கு ஒரு ஜி.டி. 710 கார்டு. அதில் ஜி.டி.ஏ. 5 ஓட்டினால் பயாஸ்கோப் படம் மாதிரி ஒவ்வொரு காட்சியாக நகரும். ப்ராஜெக்டுக்காக கேட் டிராயிங்கைச் சுழற்றினாலும் அதே கதி. (படிப்புக்காகத்தான் கார்டு என்று வீட்டில் சொல்ல இது உதவியது. பாதி உண்மை. எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.)

பெரிய பெட்டி வாங்கினால் என்ன? எங்கே வைப்பது? தேனாம்பேட்டையில் எல்டாம்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு, ஒரே அறை. அப்பா, அம்மா, தம்பி, பாட்டி, நான், அப்புறம் பீரோ. பாட்டியின் கட்டிலுக்குக் கால்மாட்டில் ஒரு ஸ்டூல். கம்ப்யூட்டருக்குக் கிடைத்த மனை அதுதான்.

கையில் இருந்தது 9,000 ரூபாய். முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போய், இலை போட்டு, சாம்பார் வாளி தூக்கிச் சேர்த்தது. ராத்திரிக்கு 500 வீதம் 18 ராத்திரி. இது போனால் அடுத்த முகூர்த்தங்கள் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதுதான்.

அதனால் கடைக்குப் போகுமுன் கணக்குப் போட்டேன். பவர் சப்ளை ஸ்டிக்கரில் 240 வாட் என்று போட்டிருந்தது. இந்த மாதிரிச் சின்னப் பெட்டியில் கார்டுக்கென்று தனி வயர் கிடையாது. மதர்போர்டு ஸ்லாட் தருவதை வைத்துத்தான் அது பிழைக்க வேண்டும். ஸ்லாட் எவ்வளவு தரும்? முதலாண்டில் படித்த அதே வோல்ட் பெருக்கல் ஆம்பியர்தான். 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர், 66 வாட். 3.3 வோல்ட்டில் 3 ஆம்பியர், கிட்டத்தட்ட 10 வாட். மொத்தத்தில் 75 வாட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். பிராசஸருக்கு 77, மற்றதெல்லாம் சேர்த்துத் தாராளமாக 40 வைத்தாலும் 192. மீதி 48 வாட் மூச்சுவிட.

உயரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சாதாரண கார்டின் பின்தகடு 120 மி.மீ.; என் பெட்டிக்கு வேண்டியது 79.2 மி.மீ. உள்ள லோ ப்ரொஃபைல். ஆக, 75 வாட்டுக்குள், குள்ளமாக, 9,000-க்குள் ஒரு மாப்பிள்ளை தேட வேண்டும்.

தேனாம்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கிற தூரம்தான். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எல்லாவற்றையும் சேர்த்தே நாம் ரிச்சி ஸ்ட்ரீட் என்கிறோம். முதல் கடையில் அண்ணன் ஒரு பெரிய கார்டைத் தூக்கி வைத்தார்.

"ஆர்.எக்ஸ். 580, 8 ஜி.பி. தம்பி! 6,500-க்கு எடுத்துக்கோ."

2022 செப்டம்பரில் எத்தீரியம்காரர்கள் மைனிங் முறையையே கைவிட்டதும், அதுவரை ராப்பகலாக மாவாட்டிய கார்டுகள் மலைபோல் விற்பனைக்கு வந்தன. இதுவும் அந்த மலையின் கல் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"அண்ணா, இது 185 வாட். எட்டு பின் வயர் வேணும். உயரமும் அடங்காது."

"அடங்கலன்னா மூடியைக் கழட்டி வச்சுக்கோ. வயருக்கு கன்வெர்ட்டர் இருக்கு, சாட்டால சொருகிடலாம். நூறு ரூபாதான். எத்தனை பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கேன்!"

ஆசை வரத்தான் செய்தது. நான் வாங்க நினைத்ததைவிட வேகமான கார்டு, விலையும் குறைவு. ஆனால் சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்தான், பின்னுக்கு 1.5 ஆம்பியர். கூட்டினால் 54 வாட். எட்டு பின் வழியாகக் கார்டு 150 வாட் வரை கேட்கலாம். 54 தாங்குகிற இடத்தில் 150 ஓடினால் முதலில் பிளாஸ்டிக் உருகும், அப்புறம் பற்றிக்கொள்ளும். பாட்டியின் கட்டில் எங்கே இருக்கிறது என்று மேலே சொல்லியிருக்கிறேன். "வேணாம்ணா" என்று நகர்ந்தேன்.

அடுத்த கடையில் புத்தம் புதிய ஜி.டி. 1030. வெறும் 30 வாட், குள்ளம், வாரண்டி. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்! ஒரே பெயரில் இரண்டு கார்டு உண்டு. 2017-ல் வந்த ஜி.டி.டி.ஆர். 5 மெமரி உள்ளது நொடிக்கு 48 ஜி.பி. அள்ளும், 2018-ல் வந்த டி.டி.ஆர். 4 உள்ளது 16.8 ஜி.பி.தான். அட்டைப்பெட்டி ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது டி.டி.ஆர். 4.

மூன்றாவது கடையில் ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ., 4,000 ரூபாய். இவ்வளவு மலிவா? பென் டிரைவில் ஜி.பி.யூ.-இசட் கொண்டுபோயிருந்தேன். 2018-லிருந்தே அந்த சாஃப்ட்வேர் போலிக் கார்டைக் காட்டிக்கொடுக்கும். ஓடவிட்டதும் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று வந்தது. உள்ளே இருந்தது 2010-ல் வந்த ஜி.டி.எஸ். 450, பயாஸை மாற்றி வேஷம் கட்டியிருக்கிறார்கள். "சாஃப்ட்வேர் தப்பா காட்டுது தம்பி" என்றார் கடைக்காரர். சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

கடைசியில் ஒரு மாடிக்கடைப் பெரியவரிடம் கிடைத்தது ஜி.டி.எக்ஸ். 1650 லோ ப்ரொஃபைல். 2019 மாடல், 4 ஜி.பி., சரியாக 75 வாட், தனி வயர் வேண்டாம். அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்கவும் விட்டார். 8,500 ரூபாய். ஒரே குறை, குட்டைப் பின்தகடு தொலைந்துபோயிருந்தது. நெட்டைத் தகடுதான் இருந்தது.

"அதுக்கு நான் எங்கே போவேன் தம்பி?" என்றார். நான் எங்கே போவேன் என்று எனக்குத் தெரியும்! முதலாண்டு ஃபிட்டிங் ஷாப்பில் 'வி' ஃபிட்டிங் போட்டுப் போட்டுக் கை காய்த்தது எதற்காம்? 1 மி.மீ. தகடு வாங்கி, பழையதை மாதிரியாக வைத்துக் கோடு கீறி, எச்.டி.எம்.ஐ. ஓட்டைக்கு வரிசையாக டிரில் போட்டு, ஃபைல் பண்ணி, வைஸில் வைத்து மடக்கினேன். இரண்டு சாயங்காலம் ஆனது. இன்ஸ்ட்ரக்டர் சார் வெர்னியரை வைத்துப் பார்த்துவிட்டு, "ரெக்கார்டு ஜாபைக்கூட நீ இவ்வளவு சுத்தமா பண்ணலையேடா" என்றார். என்ன ஜாப் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கார்டு கச்சிதமாக உட்கார்ந்தது. ஜி.டி.ஏ. 5 இப்போது 60 ஃப்ரேமில் வழுக்கிக்கொண்டு போகிறது. அசெம்பிளி டிராயிங்கும் சுழல்கிறது. அதைச் சுழற்றுவது நான், மற்றதை ஓட்டுவது தம்பி. சூடுதான் பிரச்சினை. மே மாத மதியத்தில் 78 டிகிரி காட்டியது. 80-ஐத் தாண்டினால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃப்ரேமை 60-க்கு மேல் போகாமல் கட்டிவைத்ததும் 71-க்கு இறங்கியது. 2024-ல் அண்ணா சாலையில் சைதாப்பேட்டை வரைக்கும் பால வேலை தொடங்கியதிலிருந்து எங்கள் சந்துக்கும் தூசு வருகிறது, ஆகவே மாதம் ஒரு முறை பெயிண்ட் பிரஷ்ஷால் ஃபேனைத் துடைக்கிறேன்.

பாட்டிக்கு மட்டும் ஒரு புகார். "கால்கிட்ட அனல் அடிக்குதுடா." பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, ஒரு சாண் இடைவெளி விட்டு வைத்திருக்கிறேன். மார்கழியில் மறுபடி இந்தப் பக்கமே திருப்பி வைக்கச் சொல்லியிருக்கிறாள்.