சுவரை உடைக்குமுன்

ரொறன்ரோவில் நாம் வாங்கிய பழைய வீட்டின் சமையலறைச் சுவரை அகற்ற, நம்மவரான இளைஞர் இருவர் நாட்கூலிக்குச் சம்மட்டியுடன் வந்தனர். நாம் தடுத்தோம்.

1990க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் சுவர்ப்பூச்சிலும் தரை ஓட்டிலும் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கக்கூடும். கனடா அதனைத் தடைசெய்தது 2018இலேதான். உடைக்கையில் பறக்கும் அதன் நுண்ணிழைகள் கண்ணுக்குப் புலப்படா. நுரையீரலில் அவை விளைக்கும் புற்றுநோய் 20, 30 ஆண்டுகள் கழிந்தும் தலைகாட்டும். சாதாரணத் தூசி முகமூடி அவற்றைத் தடுக்காது.

பயிற்சி பெற்றோரை அழைத்துப் பரிசோதிப்பித்தோம். சுவர்ப்பூச்சில் அது இருந்தது. அகற்றுவதற்குப் பணமும் நாட்களும் செலவாயின. காத்திருந்த நாட்களுக்கும் இளைஞருக்குக் கூலி கொடுத்தோம்.

மலிவென்றுதானே நம்மவரை அழைக்கிறோம்! போருக்குத் தப்பி வந்த பிள்ளைகளை நம் வீட்டுத் தூசிக்குப் பலியிடலாகாது.