மார்க்கர் வீட்டுப் பட்டறை

ஸ்னூக்கர் மேசையின் நீளம் பன்னிரண்டு அடி. அதன் மேல் 22 பந்துகள். ஆடுபவர் கையில் ஏறக்குறைய ஐந்தடிக் கியூ. இத்தனையிலும் வெள்ளைப் பந்தை அடிப்பது ஒன்றே ஒன்றுதான்: கியூவின் நுனியில் ஒட்டியிருக்கும் 9 அல்லது 10 மில்லிமீட்டர் அகலத் தோல் வட்டு. ஆட்டக்காரர்கள் அதை டிப் என்பார்கள். ஒவ்வோர் அடியிலும் டிப்பும் பந்தும் ஒட்டியிருப்பது சுமார் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். அதற்குள் வேகம், திசை, சுழற்சி மூன்றும் பந்துக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பிறகு ஆடியவர் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

டிப் தேயும், கெட்டிப்படும், ஒரு நாள் பிய்ந்து விழும். அதை மாற்றித் தரும் வேலை நம் ஊர் கிளப்புகளில் காலங்காலமாக மார்க்கர்களுடையது. பந்து அடுக்குவது, புள்ளி எண்ணிச் சொல்வது, மேசைத் துணிக்கு பிரஷ் போட்டு இஸ்திரி போடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. டிப் மாற்றும் கலையும் அந்தப் பட்டியலோடு வந்து சேர்ந்ததுதான். அதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது. மூத்த மார்க்கர் செய்வதைப் பார்த்து இளையவர் செய்வார்.

அப்படிக் கற்ற ஒருவரைத் தேடி சென்னை இராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் போனேன். கிளப் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கூடம்தான் பட்டறை. வருகிறவர்கள் எல்லாரும் "மார்க்கர் அண்ணே" என்கிறார்கள். நானும் அப்படியே அழைத்தேன். பெயர்ச்சீட்டு கட்டிய கியூக்கள் மேலிருந்து நேராகத் தொங்கின. சுவரில் சாய்த்து வைத்தால் மரம் நாளடைவில் வளைந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. தரையில் ஒரு பாய். அதன் மேல் தடித்த கண்ணாடித் துண்டு, உப்புத்தாள்கள், பட்டை அரம், பிளேடு, எஃகு ஸ்கேல், பழைய பெல்ட்டில் வெட்டிய தோல் துண்டு, பசைக் குப்பி. இயந்திரம் என்று எதுவும் இல்லை.

"லேத்தில் போட்டால் சீக்கிரம் முடியாதா அண்ணே?" என்று கேட்டேன்.

"லேத்து எல்லாத்தையும் முழு வட்டம்னு நெனச்சு வேலை செய்யும் தம்பி. கையால இழைச்ச கியூ அப்படி இருக்காது. எங்க ஒரு நூலு கூட இருக்கு, எங்க குறையுதுன்னு விரலுக்குத்தான் தெரியும்" என்றார்.

நான் போனபோது ஒரு கல்லூரி மாணவரின் கியூ அவர் மடியில் இருந்தது. ஆஷ் மரம், நுனியில் பித்தளைப் பூண். டிப் காளான் மாதிரிப் பூணுக்கு வெளியே பிதுங்கி, மேல்பரப்பு பளபளவென்று மின்னியது. மின்னினால், நுனியில் தடவும் சாக் பொடி பிடிக்காது. சாக் பிடிக்காவிட்டால் பந்து வழுக்கும், அதுதான் மிஸ்கியூ. பூணை விரலால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார். பூண் ஆட்டம் கண்டிருந்தால் சத்தம் அதிரும். அப்போது டிப்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. இது உறுதியாக இருந்தது.

பழைய டிப்பைப் பிடுங்கவோ திருகவோ கூடாது. மரத்தின் நாரும் அதோடு பிய்ந்து வந்துவிடும். பிளேடைப் பூணுக்கு மேல் படுக்கையாக வைத்து, கியூவை மெல்ல உருட்டி, தோலை அறுத்தெடுத்தார். மிச்சமிருந்த பழைய பசையைச் சுரண்டினார். பூணின் நடுவில் மரத்தின் முகம் தெரிந்தது. பித்தளை வளையத்துக்குள் மரம் மேல்வரை வந்து நிற்கும் அமைப்பு அது.

அடுத்த வேலைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, கியூவைச் செங்குத்தாகப் பிடித்து, சிறு சிறு இழுப்புகளாகத் தேய்த்தார். மரம் சீக்கிரம் தேயும், பித்தளை மெதுவாகத் தேயும். கை அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் நடுவில் குழி விழும். குழி விழுந்தால் டிப்பின் ஓரம் மட்டும் பித்தளையில் உட்கார்ந்து, நடுவில் வெறும் பசை நிற்கும். சில இழுப்புகளுக்கு ஒருமுறை எஃகு ஸ்கேலை முகத்தின் மேல் நிறுத்தி, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். ஸ்கேலுக்கும் பூணுக்கும் இடையில் தெரிந்த வெளிச்சக் கோடு மறைகிற வரைக்கும் தேய்ப்பு நிற்கவில்லை. ஒட்டுவது ஒரு நிமிட வேலை. ஒட்டும் முகத்தைச் சமப்படுத்தத்தான் நேரமெல்லாம் போகிறது. ஒட்டிய பிறகு அந்த முகத்தை யாரும் பார்க்கப்போவதில்லை.

டிப் தேர்வு அவருடைய மனைவியின் இலாகா. எல்க் மாஸ்டர் என்ற சிகாகோ டிப் 50 வைத்த பெட்டியில் வருகிறது. ஒரே பெட்டியில் இருந்தாலும் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. தோல் மாட்டின் எந்தப் பாகத்திலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து அடர்த்தி மாறும். அந்த அம்மா அடுப்படித் திண்ணையில் ஒவ்வொன்றாகப் போட்டுச் சத்தம் கேட்கிறார். 'டக்' என்று கெட்டியாக விழுந்தவை ஒரு கிண்ணத்தில், மந்தமாக விழுந்தவை இன்னொரு கிண்ணத்தில். பிறகு விரலால் அமுக்கிப் பார்த்து மறுபடியும் பிரிக்கிறார்.

"எனக்கு ஆட்டம் தெரியாதுங்க. எது நிக்கும், எது நசுங்கும்னு மட்டும் சொல்லுவேன்" என்றார். பெட்டியில் பாதிக்கு மேல் அவர் ஒதுக்கிய கிண்ணத்தில் கிடந்தது. அவர் ஒதுக்கியதை மார்க்கர் தொடுவதில்லை.

தோலில் இரண்டு பெரிய வகை உண்டு. குரோம் உப்பால் பதனிட்டது ஒன்று; மரப்பட்டைச் சாற்றால் பதனிட்டது மற்றொன்று. குரோம் தோல் மென்மையானது, கொஞ்சம் அமுங்கிப் பந்தைப் பிடித்துக்கொள்ளும். எல்க் மாஸ்டர் அந்த வகை. பட்டைத் தோல் கெட்டி. பந்து சட்டென்று கிளம்பும். இவை போக, பன்றித் தோலை மெல்லிய அடுக்குகளாக ஒட்டி அழுத்திய மூரி, கமுய் போன்ற ஜப்பானிய டிப்புகள் இருக்கின்றன. விலை பல மடங்கு அதிகம், ஆனால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் குறைவு. அமெரிக்காவில் பூல் என்ற மேசைப் பந்தாட்டம் ஆடுபவர்கள் சிலர் மென்மையான டிப்பைப் பாலில் ஊறவைத்து, அழுத்திக் காயவைத்துக் கெட்டிப்படுத்துவார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் நிறைந்த மாநிலம் இது. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் அடையாறில் இயங்குகிறது. இருந்தும் அந்த வீட்டில் நான் பார்த்த பெட்டிகள் எல்லாம் கடல் கடந்து வந்தவை. ஆவாரம்பட்டைச் சாற்றில் தோல் பதனிடத் தெரிந்த நாட்டுக்கு ஒரு நல்ல டிப் செய்யத் தெரியாமல் போகாது. யாராவது முயன்று பார்க்க வேண்டும்.

ஸ்னூக்கரோடு நமக்குள்ள உறவும் பழையது. 1875இல் ஜபல்பூர் இராணுவ முகாமில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி ஆரம்பித்துவைத்த ஆட்டம், பிறகு உதகை கிளப்பில்தான் விதிகளோடு நிலைபெற்றது. அங்குள்ள பில்லியர்ட்ஸ் அறையில்தான் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. ஆனால் டிப் அதற்கும் முந்தியது. தோல் ஒட்டாத வெறும் மரக் கியூவால் பந்தின் நடுவில் மட்டுமே அடிக்க முடிந்தது. சற்று விலகினாலும் வழுக்கியது. பிரெஞ்சுப் படையில் கேப்டனாக இருந்த பிரான்சுவா மிங்கோ 1807 வாக்கில் கியூ நுனியில் தோலைப் பொருத்தியதாகச் சொல்கிறார்கள். சிறையில் இருந்தபோது அதைக் கண்டுபிடித்தார் என்றும் சொல்வதுண்டு. நாம் இன்று பயன்படுத்தும் சாக்குக்கு, ஸ்பிங்க்ஸ் என்ற ஆட்டக்காரரும் ஹாஸ்கின்ஸ் என்ற வேதியியலாளரும் 1897இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். தோலும் சாக்கும் சேர்ந்துதான் பந்தைச் சுழலவைத்தன. அப்படியும் ஓர் எல்லை உண்டு. பந்தின் மையத்திலிருந்து ஆரத்தில் பாதி தூரத்துக்கு அப்பால் அடித்தால் எப்படிப்பட்ட டிப்பும் வழுக்கும். 52.5 மில்லிமீட்டர் ஸ்னூக்கர் பந்தில் அது சுமார் 13 மில்லிமீட்டர். மோசமாக ஒட்டிய டிப் அந்த எல்லைக்கு வெகு முன்னாலேயே கைவிட்டுவிடும்.

மாணவரின் கியூவுக்கு வருவோம். தேர்ந்தெடுத்த டிப்பின் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, தூசியைத் தட்டி, பூணின் நடுவில் ஒரு துளி பசை வைத்தார். ஜெல் போன்ற சூப்பர் குளூ. அது இறுகக் காற்றின் ஈரம் வேண்டும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை, ஆகவே சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். டிப்பை வைத்து நடுவுக்கு நகர்த்தச் சில நொடிகள்தான் கிடைக்கும். வைத்தார், விரலால் சுற்றித் தடவி நடு பார்த்தார், அழுத்தினார். வெளியே கசிந்த பசையை உடனே துடைத்தார். அதன் பிறகு அந்தக் கியூவைத் தொடாமல் அடுத்ததை எடுத்தார்.

அது ஒரு பூல் கியூ. பூல் பந்து 57 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். டிப்பும் 12, 13 மில்லிமீட்டர் அகலம். பூண் பித்தளை அல்ல, வெள்ளைப் பிளாஸ்டிக். அரம் பட்டால் உடனே கீறல் விழும். சாக்கின் நீலமும் அந்தக் கீறலில் ஏறிக்கொள்ளும். அதனால் பூணைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்.

பசை நன்றாக இறுகியதும் மாணவரின் கியூவைத் தலைகீழாக்கி, டிப்பை ஒரு மரக்கட்டையில் ஊன்றி, வெளியே நீட்டியிருந்த தோலை மேலிருந்து கீழாகச் சுற்றிலும் சீவினார். இந்தத் திசையில் வெட்டினால் தோல் பிரியாது, பூணிலும் பிளேடு படாது. மீதியை நைசு உப்புத்தாளால் தேய்த்துப் பூணோடு மட்டமாக்கினார். பிறகு டிப்பின் பக்கவாட்டை எச்சில் தொட்டு ஈரப்படுத்தி, பெல்ட் துண்டால் சுற்றிப் பிடித்துச் சூடு ஏறும்வரை வேகமாகத் தேய்த்தார். நார்கள் படிந்து பக்கம் கெட்டியானது. இப்படிச் செய்த டிப் சீக்கிரம் பிதுங்காது.

கடைசியில் மேல்முகம். அரத்தை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இழுத்து, கியூவைத் திருப்பி, மறுபடி இழுத்து, கவிழ்ந்த கிண்ண வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அமெரிக்கர்கள் இந்த வளைவைத் தங்கள் ஐந்து சென்ட், பத்து சென்ட் நாணயங்களின் விளிம்போடு ஒப்பிட்டு அளப்பார்கள். மார்க்கர் பக்கவாட்டில் கண் வைத்துப் பார்த்தே முடிவு செய்தார். மாணவர் வந்ததும், "நாலஞ்சு நாள் ஆடிட்டு எடுத்துட்டு வா தம்பி. தோல் அமுங்கும், திரும்ப ஷேப் பண்ணணும். அதுக்குக் காசு வேணாம்" என்றார். மாணவர், "சரிண்ணா" என்று சாக் தடவிப் பார்த்தார். சாக் சீராகப் பிடித்தது.

இந்த வேலைக்கு அவர் வாங்கும் கூலி ஸ்னூக்கர் பார்லரில் ஒரு மணி நேர மேசை வாடகையை விடக் குறைவு. அதிலும் பேரம் பேசுபவர்கள் இருக்கிறார்கள். வில்சன் ஜோன்ஸ் 1958இல் பில்லியர்ட்ஸில் உலக அமெச்சூர் பட்டம் வென்றபோது தனிநபர் விளையாட்டில் இந்தியாவுக்கு முதல் உலகப் பட்டம் கிடைத்தது என்று பெருமையாக எழுதுகிறோம். மேசையை ஆட்டத்துக்குத் தகுதியாக வைத்திருக்கும் கைகளைப் பற்றி எங்கும் எழுதுவதில்லை. கூடத்துப் பாயில் உட்கார்ந்து டிப் ஒட்டுபவரும், அடுப்படியில் சத்தம் கேட்டுத் தோல் பிரிப்பவரும் இந்த விளையாட்டைச் சேர்ந்தவர்கள்தான்.

கியூ வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வார்த்தை. விலை குறைந்த ஒரு பழைய கியூவை எடுத்து, உங்கள் வீட்டிலேயே ஒருமுறை டிப் மாற்றிப் பாருங்கள். பிளேடும் உப்புத்தாளும் கண்ணாடித் துண்டும் போதும். பூணின் முகத்தைச் சமப்படுத்துவதில் மட்டும் அவசரப்படாதீர்கள். முடிந்தால் ஒரு மார்க்கர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கிளப்புகளும் இளம் ஆட்டக்காரர்களுக்கு இதைப் பயிற்சியின் பாகமாக்கி, கற்றுக்கொடுக்கும் மார்க்கருக்குப் பயிற்சியாளருக்குரிய சம்பளம் தர வேண்டும். ஒருமுறை கையால் செய்து பார்த்தவர் அதன் பிறகு மார்க்கரிடம் கூலிக்குப் பேரம் பேசமாட்டார்.