ஐந்து மில்லி போதும்

பிப்ரவரி 20, வியாழன்

மாசி பிறந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் கோவையில் காலை பத்து மணிக்கே பால்கனித் தரை சுடுகிறது. பனி போய் வெயில் வரும் இந்த இடைக்காலத்தில்தான் எங்கள் செம்பருத்தியில் மாவுப்பூச்சி குடியேறும். நுனி இலைகள் சுருண்டு, மொட்டுகள் விரியாமல் நின்றதைப் பார்த்ததும் இலையைத் திருப்பினேன். காம்பு தண்டோடு சேரும் கவட்டில் வெள்ளையாகப் பஞ்சுத் திட்டு. நகத்தால் ஒதுக்கினால் உள்ளே நொய்யரிசி அளவில் பூச்சிகள். அசைகின்றனவா இல்லையா என்று சந்தேகப்படும்படி மெல்ல நகர்ந்தன. கீழ் இலைகளில் பிசுபிசுப்பு. தொட்டி விளிம்பில் எறும்புச் சாரி.

அந்தப் பிசுபிசுப்புக்காகத்தான் எறும்பு வருகிறது. செடியின் சாற்றில் சர்க்கரை அதிகம், பூச்சி வளரத் தேவையான சத்து குறைவு. அதனால் மாவுப்பூச்சி அளவுக்கு மீறிக் குடித்து, மிஞ்சிய சர்க்கரையை வெளியே தள்ளுகிறது. எறும்பு அதை நக்கிக்கொண்டு, மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டிக் காவல் காக்கிறது. எறும்பை நிறுத்தாமல் மருந்து அடித்துக்கொண்டே இருந்தால் வேலை முடியாது. சோற்றுப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, அதுபோலத் தொட்டியை ஒரு கவிழ்த்த கிண்ணத்தின் மேலேற்றித் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைத்தேன். சுவரையும் கம்பியையும் தொட்டுக்கொண்டிருந்த கிளைகளை நறுக்கினேன். இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக வந்துவிடும்.

சுருண்ட நுனிகளை வெட்டிப் பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சிட்டாயிற்று. உரக்குழித் தொட்டியில் போட்டால் அங்கிருந்து ஊர்ந்து வரும். மீதமிருந்த திட்டுகளுக்குக் காது குடையும் பட்ஸை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டேன். தொட்டதும் வெள்ளை மறைந்து பூச்சி பழுப்பாகிவிடும். இதையே பாட்டிலில் ஊற்றிச் செடி முழுக்கத் தெளிப்பவர்கள் உண்டு. இலையின் மேல் இருக்கும் மெழுகையும் ஸ்பிரிட் கரைத்துவிடும். மறுநாள் வெயிலில் இலை கருகும். பட்ஸ் வேலை சலிப்பானது. ஆனால் ஒன்றிரண்டு தொட்டி வைத்திருப்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வைத்தியம் கிடையாது.

பிப்ரவரி 21, வெள்ளி

கீழ்வீட்டு அக்கா ஒரு சின்ன பாட்டிலோடு வந்தார். "கடையில குடுத்தாங்க கண்ணு, பருத்திக்கு அடிக்கிறதாம். உம்பட செம்பருத்திக்கும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" லேபிளில் அளவு ஏக்கர் கணக்கில் இருந்தது. ஏக்கர் கணக்கை ஒரு தொட்டிக்கு எப்படிப் பிரிப்பது? பிரிக்கத் தெரியாதவர் கண்ணளவில்தான் ஊற்றுவார். பால்கனியிலோ துணி காய்கிறது, அக்காவின் பேரன் தரையில் தவழ்கிறான், பக்கத்துத் தொட்டியில் ரசத்துக்குக் கிள்ளும் கறிவேப்பிலை. மேலும், கண்டதையும் கொல்லும் மருந்தை அடித்தால் நல்ல பூச்சிகளும் செத்து, பிறகு சிலந்திப் பேன் பெருகும். "அக்கா, இத மூடி பத்திரமா எடுத்து வைங்க. குழந்தை கைக்கு எட்டவே கூடாது" என்று சொல்லி அனுப்பினேன். முகம் கொஞ்சம் வாடித்தான் போனார்.

இயற்கை என்று பெயர் இருந்தால் எல்லாம் சாது என்பதும் பொய். இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசலைக் கெட்டியாகத் தெளித்து இலையை வேகவைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். புகையிலைக் கஷாயம் என்பது நிகோடின். பூச்சிக்கு மட்டுமல்ல, மனிதருக்கும் விஷம். புகையிலையில் இருக்கும் வைரஸ் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றும் அபாயம் வேறு.

பிப்ரவரி 23, ஞாயிறு

வேப்பெண்ணெய் நாள். இருமல் மருந்து மூடியில் 5 மில்லி கோடு இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு அந்த ஒரு கோடு எண்ணெய் போதும். வயலில் பயிருக்கு 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி வரை அடிக்கிறார்கள். மூடிய பால்கனியில் காற்றோட்டமில்லாமல் நிற்கும் தொட்டிச் செடி அதைத் தாங்காது.

எண்ணெயையும் தண்ணீரையும் நேராகக் கலக்கக் கூடாது. முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பைக் கரைத்து, அதில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பால் நிறம் வரும்வரை ஆட்ட வேண்டும். எண்ணெய் தனியே மிதந்தால் அது இலையில் திட்டாக உட்கார்ந்து அந்த இடத்தைச் சுட்டுவிடும். கலக்கியதை அன்றே தீர்க்க வேண்டும். நாளைக்கென்று எடுத்து வைத்தால் வீரியம் போய்விடும்.

சோப்பு என்றால் காதி சோப்பு மாதிரி சாதாரண சோப்பு. பாத்திரம் தேய்க்கும் திரவம் சோப்பு அல்ல, டிடர்ஜென்ட். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவே செய்தது. இலையின் மெழுகும் அதற்குப் பிசுக்குதான். தண்ணீரும் முக்கியம். எங்கள் குழாயில் சிறுவாணி வரும் நாளில் சோப்பு நன்றாக நுரைக்கிறது. போர் தண்ணீரில் கரைத்தால் திரிந்து வெள்ளை வெள்ளையாக மிதக்கிறது. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்பைப் பிடித்துக்கொண்டால் பூச்சியின் மேல் வேலை செய்ய ஒன்றும் மிஞ்சாது. போர் தண்ணீர்தான் கதி என்பவர்கள் மழைத்தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ எடுத்துக்கொள்ளலாம்.

செம்பருத்தியின் ஒரு கிளையில் இரண்டு இலைக்கு மட்டும் நேற்று முன்தினமே தெளித்துப் பார்த்தாயிற்று. கருகவில்லை, புள்ளி விழவில்லை. அதனால் இன்று வெயில் தாழ்ந்தபின் முழுச் செடிக்கும், இலையின் அடிப்பக்கம் சொட்டும்படி தெளித்தேன். காலையிலேயே வேருக்குத் தண்ணீர் விட்டிருந்தேன். தாகத்தில் வாடிய செடிமேல் எந்தக் கரைசலும் படக் கூடாது. பெரணிக்கும், இலையில் ரோமம் உள்ள ஆப்பிரிக்கன் வயலெட்டுக்கும், சாம்பல் பூத்த சதைப்பற்றுச் செடிகளுக்கும் எண்ணெய், சோப்பு இரண்டுமே ஆகாது. அவற்றுக்கு பட்ஸும் தூரிகையும்தான்.

பிப்ரவரி 28, வெள்ளி

இரண்டாம் தெளிப்பு. மாவுப்பூச்சியின் முட்டைப் பையில் நூற்றுக்கணக்கில் முட்டைகள். அந்தப் பஞ்சு உறையை எண்ணெய் எளிதில் துளைப்பதில்லை. பொரித்து வரும் குஞ்சுகளுக்கு இன்னும் மெழுகு ஏறியிருக்காது, அப்போது அடித்தால் சாகும். வாரம் ஒரு தடவை என்று மூன்று வாரம் அடிப்பது அதற்காகத்தான். ஒரே நாளில் மூன்று பங்கு அடித்தால் செத்துப்போவது செடி.

குரோட்டன்ஸைப் பார்த்தபோது அதிலும் வெள்ளை. பட்ஸை எடுத்தவள் நிறுத்தினேன். ஒன்று மட்டும் மற்றவற்றைப்போல மூன்று மடங்கு பெரிது, உடம்பெங்கும் நீள நீளமாய் மெழுகு நூல், விறுவிறுவென நடக்கிறது. மாவுப்பூச்சிக்கு இந்த அவசரம் கிடையாது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அது ஒரு மாவுப்பூச்சியைக் கவ்விக்கொண்டிருந்தது. கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. இரையின் வேஷத்திலேயே இரைக்குள் நடமாடுகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டை 1898-ல் காபிச் செடியின் பச்சைச் செதில் பூச்சிக்காகத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்த வேலை சரிப்படவில்லை. மாவுப்பூச்சியைத் தின்றுகொண்டு இங்கேயே தங்கிவிட்டது. குரோட்டன்ஸில் இனி ஒரு சொட்டும் தெளிப்பதில்லை. எறும்புக்கு மட்டும் தண்ணீர்த் தட்டு.

இந்த ஊருக்கு இது பழகிய பாடம். 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டது கோவைப் பக்கம்தான். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடவில்லை. விவசாயிகள் மருந்தாக அடித்தும் கட்டுப்படவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவிகளை விட்ட பிறகே அது அடங்கியது. அவற்றில் நன்றாக வேலை செய்த அசிரோபேகஸ் பப்பாயே என்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்குச் சின்ன குளவி.

மார்ச் 5, புதன்

கூடத்து அரிக்கா பனையின் இலைகளில் ஊசி குத்தினாற்போல் மஞ்சள் புள்ளிகள். வெள்ளைத் தாளை அடியில் பிடித்து ஓலையைத் தட்டினேன். தூசி விழுந்தது, அந்தத் தூசியில் சில துகள்கள் நடந்தன. சிலந்திப் பேன். எட்டுக் கால் உள்ள இனம், பூச்சி வகையே அல்ல. வெயிலுக்கு ஏ.சி. போட ஆரம்பித்தாயிற்று; வறண்ட சூடும் தூசியும் அதற்கு உகந்தவை. கோடையில் ஒரு வாரத்திலேயே ஒரு தலைமுறை முடிந்துவிடும்.

இதற்கு மருந்தைவிடத் தண்ணீர் மேல். தொட்டி மண்ணைக் கவரால் மூடிக் கட்டி, குளியலறையில் சாய்த்து, ஷவரால் ஓலையின் அடிப்பக்கம் அடித்துக் கழுவினேன். ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை தொடர வேண்டும். ஏ.சி. காற்று நேராகப் படாத மூலைக்குத் தொட்டி மாறிவிட்டது.

மணி பிளாண்டைச் சுற்றிக் கறுப்பாகச் சின்னக் கொசு பறக்கிறதே என்று வீட்டில் கேட்டார்கள். அது தென்னை நார்க்கழிவு எப்போதும் ஈரமாக இருப்பதால் வருவது. மேல் மண் ஓர் அங்குலம் காயும்வரை தண்ணீர் நிறுத்தம், பக்கத்தில் ஒரு மஞ்சள் ஒட்டட்டை. அவ்வளவுதான்.

மார்ச் 9, ஞாயிறு

கறிவேப்பிலையில் பறவை எச்சம் என்று துடைக்கப் போனது நெளிந்தது. எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. கொஞ்சம் வளர்ந்தால் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டையாக ஒன்றை நீட்டி நாற்றம் விடும். தொட்டியிலிருப்பது சின்னச் செடி, இரண்டு புழு மொட்டையடித்துவிடும். இலையோடு கிள்ளி, வளாகத்தில் நிற்கும் பெரிய நாரத்தை மரத்தில் விட்டுவந்தேன். கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் நான் எதையும் தெளிப்பதில்லை. வாயில் போடும் இலைக்குக் கையும் தண்ணீரும்தான்.

மார்ச் 16, ஞாயிறு

செம்பருத்தியில் புது நுனி நேராக வந்திருக்கிறது, அடியில் வெள்ளை இல்லை. சுருண்ட பழைய இலைகள் சுருண்டபடியேதான் இருக்கும். அவற்றைப் பார்த்துவிட்டு இன்னும் குணமாகவில்லை என்று மறுபடி தெளிக்கக் கூடாது. உரமும் இப்போது வேண்டாம். தழைச்சத்து கூடினால் துளிர் மெத்தென்று வரும், அசுவினிக்கு விருந்து வைத்ததாகும்.

அக்கா இன்று வந்து 5 மில்லிக் கணக்கை எழுதி வாங்கிப் போனார். "ரெண்டு மூடி ஊத்துனா சீக்கிரம் போயிராதா கண்ணு?" என்றும் கேட்டார். மூடியில் அந்த 5 மில்லி கோடு வரைதான் என்று அடிக்கோடிட்டுக் கொடுத்தேன்.

நர்சரியில் செடி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூவைப் பார்க்கும் முன் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள், பிறகு காசு கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் மற்றச் செடிகளோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனியே வையுங்கள்.