மணல்மேல் பழுப்பு

காஞ்சிபுரம் பக்கத்துக் கூரத்திலிருந்து கடலுக்கு எந்தச் சாலையில் போனாலும் அறுபது கிலோமீட்டருக்குக் குறையாது. அந்தக் கடலில் ஒரு துண்டு இந்த ஓட்டு வீட்டின் கூடத்தில், முன்பு டி.வி. இருந்த மேசைமேல் நிற்கிறது. மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. உள்ளே வெள்ளை மணல், நாலைந்து பாறை, இரண்டு கோமாளி மீன்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு அவை ‘நீமோ’. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் பொரிக்கவைத்துக் காட்டிய இனம்; கடலில் வலைபோட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்பதில்லை.

வெள்ளை மணல் என்றேன். இப்போது அது வெள்ளையாக இல்லை. காப்பித்தூள் தூவியதுபோல ஒரு பழுப்புப் படலம் மூடியிருக்கிறது. விளக்குக்கு நேர் கீழே அடர்த்தி. பாறை நிழல் விழும் மூலையில் மட்டும் மணல் பழைய நிறத்தில்.

தொட்டிக்காரர் ஒரகடம் பக்கம் ஷிப்ட் வேலை. இரவு வேலை முடிந்து வந்தவர் சட்டைகூட மாற்றாமல் தொட்டி முன் குத்துக்காலிட்டிருக்கிறார். நான் வேறு வேலையாக வந்தவன். பிளாஸ்டிக் நாற்காலியில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறேன்.

“இன்னாடா இது, நேத்துத்தான வழிச்ச?” அம்மா அடுப்படியிலிருந்து.

“திரும்பி வந்துடுச்சும்மா.”

“ரெண்டு ஸ்பூன் பிளீச்சிங் பவுடர் போடேன். பஞ்சாயத்து டேங்குக்கு அதான போடறாங்க?”

“மீன் செத்துடும்மா.”

“அப்ப மண்ண மாத்து.”

அவர் பதில் சொல்லவில்லை. மண்ணை மாற்றும் எண்ணம் முன்பே வந்திருக்கிறது என்று முகத்தில் தெரிகிறது. கையை நீருக்குள் விட்டு ஒரு விரலால் மணலைத் தொடுகிறார். படலம் பொடியாக எழுந்து புகைபோல மிதக்கிறது. இழை இழையாக, குமிழ் கோத்த சளியாக வந்திருந்தால் கவலைப்பட வேண்டிய வேறு உயிரி. இது பொடி. டயாட்டம்.

கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசி. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும். தொட்டியின் கண்ணாடிக்கு எது மூலப்பொருளோ அதுவே இதற்கும். உலகத்தில் உயிர்கள் உண்டாக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டயாட்டங்களின் கணக்கில் வருகிறது. இந்த வீட்டில் அந்தப் பெருமை செல்லாது. அழுக்கு, அவ்வளவுதான்.

புதுத் தொட்டியில் இது வராமல் இருந்தால்தான் அதிசயம். புது மணலிலும் தண்ணீரிலும் கரைந்த சிலிக்கா இருக்கும். அதைத் தின்று பெருகும். தீனி தீர்ந்தால் சில வாரங்களில் தானே ஒழியும். நடுவில் மணலை மாற்றினால் புதுத் தீனி. மணலில் குடியேறி மீன் கழிவைச் செரித்துக்கொண்டிருக்கும் பாக்டீரியாவும் வெளியே போகும். முதல் நாளுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கண்ணாடியில் ஒரு நத்தை ஏறுகிறது. அது போன வழியெல்லாம் பளிச்சென்று ஒரு பாதை. வீட்டில் உருப்படியாக வேலை செய்வது அது ஒன்றுதான்.

கொளத்தூரில் வாங்கிய பாசி மருந்துப் புட்டியை எடுக்கிறார், லேபிளைப் படிக்கிறார், வைக்கிறார். இதை ஊற்றியபின் மணல் தானே வெளுத்தாலும் பெயர் அந்தப் புட்டிக்குப் போகும்.

இந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவருவது புதுச் சங்கதி அல்ல. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய் வெட்டிப் பரமேசுவரத் தடாகத்தை நிரப்பியதை ஏழாம் நூற்றாண்டுக் கூரம் செப்பேடு சொல்கிறது. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலம். கடல்நீர் கேட்டவர்கள் அன்று இல்லை. சென்னையில் 1909-இல் மீன் காட்சியகம் திறந்தவர்கள் மெரினாவிலேயே திறந்தார்கள். அலை வாசலில் இருந்தது. இவர் தம் கடலை பக்கெட்டில் கரைக்க வேண்டும்.

கரைக்கிறார். லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் கணக்கில் உப்புத்தூள். தண்ணீர் அடுப்படி ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து. உப்புப் போடும் முன் டி.டி.எஸ். கருவியை முக்குகிறார், 85 காட்டுகிறது. திருப்தியோடு தலையாட்டுகிறார். குடிக்க நல்ல எண்தான். அது எப்படி வந்தது என்றால், வடிகட்டிய நீர் சப்பென்று இருக்கக் கூடாது என்று இயந்திரத்துக்குள் ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். சுவைக்காகப் போர்த் தண்ணீரை அது கொஞ்சம் கலந்து விடும். போர்த் தண்ணீர் பாறையைக் கரைத்துக்கொண்டு வருவது. இயந்திரத்தின் சவ்வு பிடித்து நிறுத்திய சிலிக்கா, திருகு வழியாகத் திரும்பி வருகிறது. கருவியும் அதைக் காட்டிக் கொடுக்காது. நீர் மின்சாரம் கடத்துவதைத்தான் அது அளக்கும்; நீரில் கரைந்த சிலிக்காவுக்கு மின்னூட்டம் அநேகமாக இல்லை. ஆக, வாராவாரம் நீர் மாற்றும் பெயரில் அவர் பாசிக்குப் படியளக்கிறார்.

யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. டம்ளரை வைத்தேன். “சாப்ட்டுப் போங்கண்ணே” என்றார், கண் தொட்டியிலேயே.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தொட்டி பழுப்பேறிக் கிடந்தால் மணலை மாற்றாதீர்கள், மருந்தும் ஊற்றாதீர்கள். விளக்கு எரியும் நேரத்தைக் குறையுங்கள், நத்தைகளை விடுங்கள், பொறுங்கள். உப்புக் கரைக்கத் தண்ணீர் பிடிக்கும் முன் அந்தத் திருகை முழுதாக மூடி, இயந்திரத்தில் முன்பே சேர்ந்த நீரை வடித்துவிடுங்கள். குடிக்கப் பிடிக்கும்போது திறந்துகொள்ளலாம்.